வாங்குவோர் வினை

ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவர், அந்தப் பொருள் தம் கைக்கு வருவதற்கு முன் அதன்பொருட்டு வேறோர் உயிர் பட்ட துன்பத்தில் தாமும் பங்குடையவர் ஆவாரா என்னும் வினா, தமிழ்ச் சமய நூல்களில் ஊன் உண்பதைப் பற்றிய வாதமாக எழுந்து நெடுங்காலம் ஓயாமல் நடந்திருக்கிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் உள்ள 256ஆம் குறள், தின்பவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார் என்று காட்டி, கொலையின் பொறுப்பை அறுத்தவரோடு நிறுத்தாமல் வாங்குவோர் வரை நீட்டுகிறது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி என்னும் சமண நூல், பௌத்தரோடு நிகழ்த்தும் வாதத்தில் இதே கருத்தைக் கையில் எடுத்து, கொன்றவன் ஒருவன் உண்பவன் வேறொருவன் என்று பிரித்துக் காட்டுவதால் உண்பவனுக்கு விடுதலை கிடைத்துவிடாது என்கிறது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதி எல்லையை வேறிடத்தில் வகுத்திருந்தது: தனக்காகவே கொல்லப்பட்டதைத் துறவி கண்ணால் காணாமலும், காதால் கேளாமலும், அவ்வாறு ஐயுற இடமில்லாமலும் இருந்தால் பிச்சைக் கலத்தில் விழுந்த ஊன் குற்றமற்றது என்பது அவர்களுடைய கொள்கை.

இந்த மூவகைத் தூய்மை பிச்சை ஏற்பவருக்காக வகுக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. பிச்சை ஏற்பவர் எதையும் கேட்டுப் பெறுவதில்லை. கலத்தில் விழுந்ததை உண்டுவிட்டுப் போகிறார். விலை கொடுப்பவரின் நிலையோ வேறு, ஏனென்றால் அவர் தரும் காசு முன்பு செய்யப்பட்ட பொருளுக்கு ஈடாக அமைவதோடு நின்றுவிடாமல், இதே விலைக்கு இதே பொருளை இன்னொருமுறை செய்துகொண்டு வா என்று செய்தவருக்கு இட்ட கட்டளையாகவும் ஆகிவிடுகிறது. சமணர் ஒரு வினையை மூன்று வகையாகப் பகுப்பர்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல். மலிவு விலைக் கடையில் பொருள் வாங்குகிறவர் முதல் வகையில் சேரமாட்டார். இரண்டாவதிலா மூன்றாவதிலா எதில் சேர்வார், அல்லது எதிலுமே சேரமாட்டாரா என்பதுதான் இங்கே ஆராயப்படும் பொருள்.

இந்த வினாவை லூபோக் சீனாவில் வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், அலோர் காஜா மாவட்டத்துள், லிங்கி ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் அது. ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான் மாநிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள சுங்கை ஊஜோங்கின் ஈயம் கடலுக்கு இறங்கிய வழி இந்த ஆறு. அதன் கரைகளில் யார் சுங்கம் வாங்குவது என்பதற்காகவே சண்டைகள் நடந்தன. பின்னர் வந்த ரப்பர்த் தோட்டங்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை இம்மாவட்டத்திற்குக் கொண்டுவந்தன. சுங்கை பாரு, கெமுனிங் போன்ற தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அந்த வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றன. இன்று அந்தத் தோட்டங்களின் பெரும்பரப்பில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; லயங்களில், அதாவது தொழிலாளர்க்காக வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில், வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மஸ்ஜித் தானா, அலோர் காஜா, மலாக்கா நகரம் எனப் புறநகர் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்கள் மாதச் சாமான் வாங்குவது சங்கிலிக் கடைகளிலும், வண்டி நிறுத்த அகன்ற திடல் கொண்ட பேரங்காடிகளிலும்தான். ஆயர் குரோவில் உள்ள மைடின் பேரங்காடி, மலாக்கா கடலோரத்தில் 1994இல் திறக்கப்பட்ட மாகோத்தா பரேட், 1987இல் கிள்ளானில் ஒற்றை மளிகைக் கடையாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய 99 ஸ்பீட்மார்ட், 2003இல் ஜொகூரின் ஜெமெந்தாவில் தோன்றிய ஒரே விலைக் கடையான ஈக்கோ-ஷாப் ஆகியவை எல்லாம் இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடச் சொற்களாகிவிட்டன.

மலிவு விலையைப் பற்றிச் சமயச் சொற்பொழிவுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கண்டனம் ஆசையைப் பற்றியது. விலை குறைந்தால் தேவையற்றதையும் மனம் விரும்பும், விரும்பியதை எல்லாம் வாங்கும் வீட்டில் அமைதி குடியிருக்காது, அவா அறுத்தலே வழி என்று பேசுகிறவர்கள், யாரை முன்னிறுத்தி இதைச் சொல்கிறார்கள் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் வளர்ந்த ஒரு குடும்பத்திற்கு விலை குறைந்த கடை என்பது ஆசையின் வாசலாக வந்து சேரவில்லை. கடனிலிருந்து வெளியேறும் வாசலாக வந்து சேர்ந்தது. இதை உணராமல் செய்யப்படும் துறவு உபதேசம், வயிறு நிறைந்தவர் பசித்தவருக்கு நோன்பின் பெருமையை எடுத்துரைப்பதற்கு ஒப்பாகும்.

தோட்டக் கடையின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும். பட்டணத்திலிருந்து பல கல் தொலைவில், துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்ற அதிகார அடுக்குக்குள் வாழ்ந்த தொழிலாளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கடைதான் இருந்தது. பல தோட்டங்களில் அந்தக் கடையின் பின்னால் ஆள் சேர்த்து வந்த கங்காணியே நின்றார். அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய் எண்ணெய், பண்டிகைத் துணி எல்லாம் பற்றுக் கணக்கில் வாங்கப்பட்டு, 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டு, சம்பள நாளில் கழிக்கப்பட்டன. கழித்தபின் மீதி இல்லாத மாதங்களே மிகுதி. விலையைக் கேட்க உரிமை இல்லை, எடையைச் சோதிக்க வழி இல்லை, வேறு கடைக்குப் போனால் அடுத்த மாதம் பற்று கிடைக்காது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், கூலியை இந்த இடத்தில்தான், இன்னாரிடம்தான் செலவிடவேண்டும் என்று முதலாளி விதிக்கும் நிபந்தனையைச் செல்லாததாக்கியது. அப்படி ஒரு விதியைச் சட்டமாகவே எழுதவேண்டிய தேவை இருந்தது என்பதிலிருந்தே முந்தைய நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

பொருளின் மேல் விலை ஒட்டிய, யார் போனாலும் அதே விலை சொல்லும், பெயரும் சாதியும் தோட்டமும் கேட்காத கடை இத்தகையவர்களுக்கு எதைத் தந்தது என்பதைச் சமயச் சிந்தனை மதித்தாகவேண்டும். அடிமைத்தனத்தின் ஒரு கண்ணி அங்கே அறுந்தது. தீபாவளிக்கு நான்கு பிள்ளைகளுக்கும் ஒருசேரப் புதுத்துணி எடுக்க முடிந்தபோது ஒரு தாய் அடைந்த நிறைவை மாயையின் விளையாட்டு என்று ஒதுக்குவது அறமாகாது. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதக் கூலி 1,700 வெள்ளி. அந்த வருவாயில் வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் போக மிஞ்சுவதைக் கொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள் விலை குறைந்த இடத்தைத் தேடிப் போவதில் பாவம் எதுவும் இல்லை. ஆகவே மலிவை நோக்கி எழும் சமய வினா, வாங்குகிறவரின் ஆசையிலிருந்து தொடங்கக் கூடாது. அது தொடங்கவேண்டிய இடம் அந்த விலை எப்படிக் குறைந்தது என்பதே.

இந்த இடத்தில் தோட்டத் தமிழரின் வரலாறு வேறு எந்தச் சமூகத்துக்கும் எளிதில் வாய்க்காத ஓர் அறிவை அவர்களுக்குத் தந்திருக்கிறது. மலாயாவில் வணிக நோக்கோடு நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. தான் சாய் யான் என்பவர் 1896ஆம் ஆண்டையொட்டிப் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டு, பின்னர் புக்கிட் அசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். 1920 வாக்கில் உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போயிற்று; அதைப் பெரும்பங்கு வாங்கிய நாடு அமெரிக்கா, பெரும்பங்கு செலவான பொருள் மோட்டார் வண்டியின் டயர். நகரத்தை விட்டு விலகிய புறநகரும், அங்கே வண்டியில் போய் இறங்கும் கடைவளாகமும் ரப்பர் டயர் இன்றி நினைத்துப் பார்க்கவே முடியாதவை. 1956இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் விக்டர் குரூயன் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சவுத்டேல் என்ற வளாகம், கூரையின்கீழ் அடைத்த புறநகர்க் கடைவளாகங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதற்குள் செயற்கை ரப்பர் பெருகிவிட்டிருந்தாலும், இயற்கை ரப்பரில் மலாயா முன்னணியிலேயே நின்றது. 1962 என்ற ஒரே ஆண்டில் வால்மார்ட், கேமார்ட், டார்கெட் என்ற மூன்று மலிவு விலைப் பெருங்கடைகளும் தோன்றி அந்தப் புறநகரங்களை நிரப்பின. விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தில் பட்டை சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிவந்த பெண்ணுக்கும், அந்த வளாகத்தின் திடலில் வண்டியை நிறுத்தியவருக்கும் இடையே ஓடிய உறவு உண்மையானது. ஆனால் ஒருவரை ஒருவர் கண்டதில்லை, கேட்டதில்லை, ஐயுற்றதும் இல்லை.

விலையைக் குறைக்கக் கேட்ட குரல் தோட்டத்துக் கூலியை வந்து தொட்டதும் வரலாற்றில் பதிவான செய்தியே. ரப்பர் விலை விழுவதைத் தடுக்க 1922இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஸ்டீவன்சன் திட்டம், ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியபோது, அமெரிக்க வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1925, 1926 ஆண்டுகளில் தம் நாட்டு வாங்குவோரின் பெயரால் அதைக் கடுமையாக எதிர்த்து, டயர்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயக்கத்தையும் நடத்தினார். அவர் பேசியதில் பொய் இல்லை. அமெரிக்கக் குடும்பத்துக்கு டயர் விலை உண்மையிலேயே சுமையாக இருந்தது. ஆனால் அந்த வாதத்தில் பிரிட்டிஷ் முதலாளியும் அமெரிக்க வாடிக்கையாளரும் இருந்தார்கள், மரம் சீவியவர் எங்கும் இல்லை. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை தரைமட்டமாயிற்று. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த தரக் கூலி வெட்டப்பட்டது. 1930ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டுகளில் உலகெங்கும் ரப்பர்ப் பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. அந்த மலிவைக் கொண்டாடியவர்கள் கொடியவர்கள் அல்லர், அவர்கள் அறியாதவர்கள்.

அறியாமைக்குச் சமயங்கள் தரும் இடம் என்ன என்பது இப்போது முக்கியமாகிறது. சமணத்தின் தத்துவார்த்த சூத்திரம், ஒரே செயலிலிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு வினை ஒட்டுவதில்லை என்று கூறி, செயலின் வேகம், மென்மை, அறிந்து செய்தல், அறியாது செய்தல், செயலுக்குக் கருவியான பொருள், செய்பவரின் ஆற்றல் ஆகியவற்றைப் பொறுத்து வினை கூடியும் குறைந்தும் ஒட்டும் என வகுக்கிறது. உமாஸ்வாதி இயற்றிய இந்நூலின் வகுப்பு, மலிவுக் கடையைப் பற்றிய இன்றைய குழப்பத்தைப் பெருமளவு தெளிவாக்க வல்லது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு குடும்பத் தலைவியும், பல்லாயிரம் கடைகளுக்காக ஒரே உத்தரவில் இலட்சக்கணக்கான சட்டைகளுக்கு விலை பேசும் கொள்முதல் அதிகாரியும் ஒரே செயலைச் செய்தாலும், ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அவர்களிடையே இருக்கிறது. அந்தப் பெண்ணின் தலையில் உலக வணிகத்தின் பாவம் முழுவதையும் ஏற்றிவைப்பது நெறியற்ற பேச்சு. ஆயினும் அவருக்குப் பங்கே இல்லை என்று முடித்துவிட நீலகேசியின் வாதம் விடாது. குறைந்த பங்கும் பங்குதான்.

இங்கே தோட்டத் தமிழருக்கு மற்றவரினும் ஒரு பொறுப்பு கூடுகிறது என்றே கொள்ளவேண்டும், ஏனெனில் அறியாது செய்தல் என்ற விலக்கு அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் சாவாரில் ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்டபோது, முதல்நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள் என்ற செய்தியை உலகம் திகைப்போடு கேட்டது. பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றையக் கூலி இல்லை என்ற விதியின்கீழ் காய்ச்சலோடு காட்டுக்குப் போன தாத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, அவர்கள் ஏன் உள்ளே போனார்கள் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, இளம்பெண்கள் விடுதியில் அடைபட்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அந்த நூல் பின்னலாடையாகிக் கப்பலேறியது. ஆள் சேர்ப்பவர் வீட்டுக்கு வந்து முன்பணம் கொடுத்து நல்ல வாழ்வைச் சொல்லி அழைத்துப்போன கங்காணி முறையிலிருந்து இது எவ்வளவு தொலைவு என்று கேட்டால், அதிகத் தொலைவு இல்லை.

இன்னும் அருகே வந்தால், லயத்தில் தமிழர் இருந்த இடத்தில் இப்போது வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இருக்கின்றனர். 1910இல் மலாக்காவில் தொடங்கப்பட்ட சைம் டார்பி என்ற பெயரைத் தாங்கிய தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெயை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டு என்று கூறி 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. தொழிலாளர்க்கு ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தருவது உள்ளிட்ட சீர்திருத்தங்களுக்குப்பின் 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நீங்கிய முறை கவனிக்கத்தக்கது. வாங்கும் இடத்திலிருந்து கேள்வி வந்தது. உழைத்தவரின் கைக்குப் பணம் திரும்பியது. வாங்குவோருக்கும் வினைக்கும் தொடர்பில்லை என்போர் இந்தச் சான்றை எப்படி எதிர்கொள்வர் என்பது தெரியவில்லை.

உழைப்புக்கும் காசின் மதிப்புக்கும் உள்ள உறவைச் சைவ மரபு ஒரு வரலாற்றில் வைத்துப் பேசியிருக்கிறது. சோழநாட்டுத் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுதளிப்பதற்காகத் திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். நாவுக்கரசர் மடத்தில் உரிய நேரத்தில் சோறு பரிமாறப்பட்டது. சம்பந்தர் மடத்தில் மட்டும் காலம் தாழ்ந்தது. காரணம் கேட்டபோது, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்கள் என்று தெரியவந்தது. வாசி என்பது நாணயத்தின் மதிப்பில் கழித்துக்கொள்ளும் வட்டம், அதாவது தள்ளுபடி. நாவுக்கரசர் காசு மட்டும் முழு மதிப்புக்குச் செல்லுபடியானது எதனால் என்றால், அவர் கோயில் முற்றத்தில் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிய கைத்தொண்டர் என்பதால் என்று சேக்கிழார் விடை சொல்கிறார். சம்பந்தர் இறைவனின் மகனுரிமை பெற்றவர். அவருக்குக் காசு அன்பின் கொடை. பின்னர் அவர் பதிகம் பாடி வாசி நீங்கிய காசு பெறுகிறார்.

இந்த வரலாற்றைப் பக்தியின் இருவகை என்று மட்டும் விளக்கி நிறுத்திக்கொள்வது வழக்கம். அதில் மறைந்திருக்கும் பொருளாதார உண்மைக்கு இன்று உரிய கவனம் தரவேண்டும். ஞானக் குழந்தையின் தெய்வீகப் பெருமையாலும் ஈடுகட்ட முடியாத ஒன்றை முதியவரின் காய்த்த கை ஈடுகட்டியது என்று பாட ஒரு சமயப் புலவருக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் துணிவு இருந்தது. கையுழைப்பு நின்ற இடத்தில் கழிவு இல்லை. இன்றைய தள்ளுபடியோ நேர்மாறாக இயங்குகிறது: விலையிலிருந்து கழிக்கப்படும் பகுதி பெரும்பாலும் உழைத்த கையிலிருந்தே எடுக்கப்படுகிறது, ஏனெனில் மூலப்பொருளுக்கும் கப்பலுக்கும் கட்டட வாடகைக்கும் விலை சொல்ல ஆள் உண்டு, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவருக்காகப் பேரம் பேச ஆள் இல்லை. எல்லாத் தள்ளுபடியும் இப்படி வந்ததல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். மொத்தமாக வாங்குதல், இடைத்தரகரைக் குறைத்தல், அலங்காரத்தைத் தவிர்த்தல், குறைந்த இலாபத்தில் அதிகம் விற்றல் ஆகிய வழிகளிலும் விலை இறங்கும். அது வணிகரின் திறமைக்கும் உழைப்புக்கும் கிடைத்த பயன், வாழ்த்துக்குரியது. இரண்டு மலிவுகளும் கடைத் தட்டில் ஒரே முகத்தோடு நிற்பதுதான் இடர்ப்பாடு.

வணிகத்தைத் தமிழ் மரபு இழிவாக எண்ணியதில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் 120ஆம் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகருக்கு நல்ல வணிகம் என்று சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் இருந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. மலாக்காத் துறைமுகத்திலும் இந்த ஒழுங்கின் சாயல் இருந்தது. 1512க்கும் 1515க்கும் இடையில் அங்கிருந்த போர்த்துக்கீசியர் தோமே பீரெஸ், வந்திறங்கும் கப்பற்சரக்கை வணிகர் பலர் கூடி அதிகாரி முன்னிலையில் மதிப்பிட்டு, ஒரே விலை கட்டி வாங்கித் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட முறையை எழுதிவைத்திருக்கிறார். அவ்வணிகருள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் முதன்மை பெற்றிருந்தனர். அந்த முறையில் மொத்தக் கொள்முதலும் ஒரே விலையும் இருந்தன, விற்றவரின் முகமும் எதிரே இருந்தது. இஸ்லாமிய மரபும் இதே வழியில், அளவிலும் நிறையிலும் குறைப்போரைக் குர்ஆனின் ஓர் அத்தியாயம் தொடக்கத்திலேயே எச்சரிப்பதோடு, உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்ற நபிமொழியையும் வைத்திருக்கிறது. 1957இல் கோத்தா பாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தின் சிறு கடையாகத் தொடங்கிய மைடின், நாடளாவிய மலிவு விலைப் பேரங்காடியாக வளர்ந்த வரலாற்றில் இந்த இரு மரபுகளும் சந்திக்கின்றன. எனவே மலாக்காத் தமிழர் தம் வணிகரிடம் எதிர்பார்க்க வேண்டிய அறத்தை வெளியிலிருந்து கடன் வாங்கவேண்டியதில்லை.

வாங்குவோர் பக்கத்திலும் முன்மாதிரிகள் உள்ளன. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் தலைக்குப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, விற்பனைக்கு வந்த தோட்டத்தை அதில் உழைத்தவர்களே வாங்கும்படி செய்தார். 555 புத்தகத்தில் கடன்காரராக மட்டும் எழுதப்பட்டிருந்தவர்கள் வாங்குவோராக எழுந்து நின்ற நிகழ்ச்சி அது. எஸ். எம். முகமது இத்ரிஸ் அரை நூற்றாண்டுக் காலம் தலைமையேற்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கம், விலை, எடை, கலப்படம் ஆகியவற்றோடு நில்லாமல், ஒரு பொருள் எங்கிருந்து, யாருடைய செலவில் வருகிறது என்று கேட்பதும் பயனீட்டாளர் கடமையே என்று தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதிப் பரப்பியது. 2019இல் மறையும்வரை எளிய வெண்ணிற உடையில் வாழ்ந்த அவர், சிக்கனத்தை ஏழைகளுக்கு விதிக்காமல் தம்மேல் விதித்துக்கொண்டவர். துறவைப் பற்றிப் பேசும் தகுதி அத்தகையோருக்கு உண்டு.

தனி ஒரு வாடிக்கையாளர் கடைத் தட்டின் முன் நின்று இந்த வினாவுக்கு விடை காண முடியாது. அவர் கையில் இருக்கும் சட்டையில் ஊர்ப் பெயர் இருக்கும், உழைத்தவர் கூலி இராது. ஆற்றல் கூடும்போது பொறுப்பும் கூடும் என்ற தத்துவார்த்த சூத்திரத்தின் வகுப்பைக் கொண்டு பார்த்தால், இவ்வட்டாரத்தில் அந்த ஆற்றல் ஓரளவு சேர்ந்திருக்கும் இடம் கோயில். தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் பல நிற்கின்றன. திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அரிசி, எண்ணெய், பருப்பு, தட்டுகள், பிள்ளைகளுக்குப் பரிசுப் பைகள், வயதானவர்களுக்குச் சேலை, வேட்டி எனக் கோயில் நிர்வாகங்கள் மொத்தமாக வாங்குகின்றன. மிகக் குறைந்த விலை கூறியவரிடம் வாங்குவதே கோயில் பணத்தைக் காப்பது என்ற எண்ணம் நிர்வாகிகளிடம் இயல்பாக இருக்கும், அதில் நேர்மையும் உண்டு. ஆனால் அன்னதானத்தின் புண்ணியம் கொடுப்பவரையும் பெறுபவரையும் மட்டும் சார்ந்தது என்று எந்த நூலும் வரையறுக்கவில்லை. நேர்வழியில் ஈட்டிய பொருளே தானத்துக்கு உரியது என்பது எல்லாச் சமயத்துக்கும் பொதுவான கொள்கை. ஈட்டிய காசுக்கு இந்த நெறி பொருந்துமானால், அந்தக் காசால் வாங்கிய சேலைக்கும் பொருந்தும். ஐம்பது சேலையும் ஐந்நூறு பை அரிசியும் வாங்குகிறவர் மொத்த வியாபாரியிடம் சேலைகள் எந்த ஆலையில் நெய்யப்பட்டன, அங்கே வேலை செய்பவர் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, வேலைக்கு வர அவர் எவ்வளவு கடன் பட்டார் என்று கேட்கலாம். முதல் ஆண்டு விடை கிடைக்காது; கேள்வி வந்தது என்ற செய்தி மட்டும் வியாபாரி வழியே மேலே போகும். தீமிதி நாளன்று அந்தக் கோயில்களின் அன்னதான வரிசையில், செம்பனைக் காட்டில் வேலை முடித்துவந்த வங்காளதேசத்து இளைஞர்களும் நின்று இலை வாங்கிக்கொள்வதுண்டு. விடையின் ஒரு பகுதியை அவர்களிடம் நேரிலேயே கேட்டறியலாம்.